காட்டுத்தீக் காலத்தில் குழுவாக மலையேறும் மோட்டார் சைக்கிளுக்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

கொழும்பின் கிருலப்பனையில் நின்றால் மலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பேஸ்லைன் வீதி வந்து சேரும் ஹைலெவல் வீதிதான் ஏ4 நெடுஞ்சாலை. அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை தாண்டிப் பெரகலை வரை ஏறி, வெல்லவாயவுக்கு இறங்கி, மட்டக்களப்பில் போய் முடிகிறது. அவிசாவளையில் பிரிந்து ஏ7இல் போனால் கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், நுவரெலியா. அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. ஆகவே கொழும்பின் இந்தப் பக்கத்திலிருந்து ஊவாவுக்குப் போகும் குழுக்களுக்கு இந்த வீதியே வாசல்.

போயாவும் சனி ஞாயிறும் ஒட்டி வந்தால் எட்டுப் பத்துப் பேர் விடியுமுன் பெற்றோல் செட்டில் கூடிவிடுகிறார்கள். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் ஒரு கிழமைக்கு முன்பே பேசி முடிந்திருக்கும். தீயைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அந்தப் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். தமிழ்ப் பொருளிலக்கணம் வகுத்த வரிசையே அதற்குப் போதும்: முதலில் நிலமும் பொழுதும், அடுத்து கரு, கடைசியில் உரி.

நிலம்

குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது பழைய கொள்கை. ஊவா அதற்கு ஆண்டுதோறும் சாட்சி சொல்கிறது.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. கித்துல்கலையும் கினிகத்தேனையும் வட்டவளையும் நனைகின்றன. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் அதே காற்று, இறங்க இறங்கச் சூடேறி, ஈரமிழந்து, கச்சான் காற்றாக வெலிமடை, பண்டாரவளை, எல்லப் பக்கத்துப் புல்லைக் காயவைக்கிறது. பட்டிப்பொல ரயில் நிலையத்தை அடுத்த சுரங்கத்தில் மூடுபனியோடு நுழைந்து வெயிலில் வெளியே வருவதை ரயில் பயணிகள் நன்கறிவார்கள். வீதியில் வருபவருக்கு அந்த எல்லை ஹக்கலைக்கு அப்பால் தென்படும்.

ஆகவே முதல் விதி: கிருலப்பனை வானத்தைப் பார்த்துத் திட்டம் போடக் கூடாது. கினிகத்தேனையில் மழைக்கோட்டு போட்டவர்தான் மூன்று நான்கு மணி நேரத்தில் பற்றிக்கொள்ளக் காத்திருக்கும் புல்வெளிக்கு நடுவே போகிறார். மேற்கில் மழை வலுத்த நாட்களில் கிழக்கில் காற்றும் வலுத்திருக்கும். “கொழும்பில் மழை, பயமில்லை” என்ற சொல் ஆடி மாதத்தில் நேர் எதிரான உண்மையைச் சொல்கிறது.

பொழுது

பாலைக்குரிய பெரும்பொழுது வேனிலும் பின்பனியும், சிறுபொழுது நண்பகல். நம் மலைநாட்டின் தீக் காலங்கள் இரண்டும் இதற்குள் அடங்குகின்றன. ஆனி, ஆடியின் முதுவேனிலில் கச்சான் காற்று புல்லைக் காயவைக்கிறது. மாசி, பங்குனியின் பின்பனியில் மழை ஓய்ந்து, பகல் வெயில் ஏறி, மேட்டுநிலம் முழுவதும் வறள்கிறது. எல்ல ரொக் மலை தீப்பற்றியது 2025 பெப்ரவரியில். தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் போன இளைஞர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது 2018 மார்ச் 11ஆம் திகதி. அதுவும் மாசி மாதம்தான். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களும் விடுமுறைக்காகத் திட்டமிட்டுக் கூடி வந்த குழுவினரே. குழுவாகப் பயணம் போகும் ஒவ்வொருவரும் அந்த நாளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நண்பகலுக்கும் காரணம் உண்டு. வெயில் ஏறினால் சரிவை ஒட்டிய காற்று சூடாகி மேல்நோக்கி எழும். புல்லின் ஈரம் போயிருக்கும். பிற்பகலில் இரண்டும் உச்சத்தில் நிற்கும். விடிய 4 மணிக்குக் கிருலப்பனையில் புறப்பட்டு, நின்று தேநீர் குடித்து நுவரெலியா சேரும் குழு, அன்றே வெலிமடைப் பக்கம் இறங்கினால் அந்த உச்சவேளையில்தான் மாட்டிக்கொள்ளும். எனவே இரண்டாம் விதி: முதல் நாள் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தங்குக. உலர்ந்த பக்கத்தை மறுநாள் காலை 6 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் கடக்க.

கரு

புல்: ஊவாவின் பத்தனாப் புல்வெளிகளில் மானாப்புல் ஆளுயரம் வளரும். இந்தப் புல்வெளிகளை உண்டாக்கியதே தீதானா என்று தாவரவியலாளர் பியர்சன் 1899இல் எழுதிய ஆய்வு முதல் விவாதம் நடந்திருக்கிறது. பிற்காலத்தில் அங்கே நட்ட பைனஸ் மரங்கள் உதிர்க்கும் ஊசியிலைகள் மெத்தையாகக் குவிந்து எரிகின்றன.

தீ: தட்டையான நிலத்தில் ஓடுவதைவிட 10 பாகை சரிவில் தீ ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் ஏறும், 20 பாகையில் நான்கு மடங்கு. சுவாலை தனக்கு மேலிருக்கும் புல்லை முன்கூட்டியே சுட்டு உலர்த்திவிடுவதே காரணம். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு இதைவிட முக்கியமான பௌதிகம் இல்லை. கொண்டை ஊசி வளைவில் ஒரே வீதி ஒரே சரிவை மூன்று நான்கு முறை குறுக்கே வெட்டுகிறது. கீழ் வளைவில் புகையைக் கண்டு “அது கீழேதானே” என்று மேலே ஏறுகிறவர், தீ ஏறும் திசையிலேயே தானும் ஏறுகிறார். அவர் வளைந்து வளைந்து போக வேண்டும். தீ நேராக வரும். கீழே புகை தெரிந்தால் மேல் வளைவு பாதுகாப்பான இடமல்ல.

வண்டி: மணிக்கணக்காக மலையேறிய சைலன்சரைக் காய்ந்த புல்லில் நிறுத்தினால் தீ அங்கேயே பிறக்கலாம். தார் வீதியிலோ வெறும் கல்லிலோ நிறுத்துக. 2022இன் எரிபொருள் வரிசைகளில் போத்தலில் பெற்றோல் சேர்த்துப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். தாங்கி பாதிக்குக் கீழே இறங்காமல் நகரங்களிலேயே நிரப்பிக்கொண்டால் போதும்.

உடை: நைலோன் ஜக்கெற் வெக்கையில் உருகித் தோலோடு ஒட்டும். தடித்த டெனிமும் தோலும் நல்லவை. மூக்கில் கட்டும் ஈரத்துணி புகையின் நுண்துகளைத் தடுக்காது; என்95 முகக்கவசம் தடுக்கும்.

மனிதர்: இலங்கையில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதக் கையால் வருவது. மாட்டுக்குத் தளிர்ப்புல் வேண்டி வைப்பது, வேட்டைக்கு வைப்பது, சேனைக்கு வைத்துக் கைமீறுவது, அணைக்காமல் எறிந்த சிகரட். பயணக் குழுவின் கேஸ் அடுப்பும் இந்தப் பட்டியலில் சேரும். பற்றிக்கொண்டால் வீடு இழப்பதும் ஊற்று வற்றுவதும் மலையில் வாழும் மக்களுக்கே. அணைக்கப் போகிறவர்களும் அவர்களே. படையினரும் பொலிஸாரும் பிறகுதான் வந்து சேருகிறார்கள். ஒடுங்கிய வீதியில் வண்டிகளை நிறுத்திப் படம் எடுப்பவர், தண்ணீர் பவுசரின் வழியை மறித்து நிற்கிறார். இது சட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாவம்.

உரி

பாலையின் உரிப்பொருள் பிரிவு. குழுப் பயணத்தின் பேராபத்தும் அதுவே. முன்னால் போனவர் வளைவில் மறைவார். பின்னால் வருபவர் செயின் கழன்று நிற்பார். பள்ளத்தில் சிக்னல் இராது. இடையில் புகை இறங்கும். புகையே இல்லாத இரவொன்றில், 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி, எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அந்த வீதிகள் தெளிந்த வானத்திலேயே முழுக் கவனம் கேட்பவை.

அமெரிக்கத் தீயணைப்பு வீரர் போல் கிளீசன் 1991இல் தம் சகாக்களுக்கு வகுத்த நான்கு விதிகளைக் குழுத் தலைவர் மனனம் செய்துகொள்ளலாம். காவல்: நிற்கும் இடமெல்லாம் ஒருவர் சரிவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொடர்பு: நேர்வீதியில் இடம்வலமாக அடுக்கியும் வளைவில் ஒற்றை வரிசையாகவும் போக வேண்டும், ஒவ்வொருவரும் தன் பின்னால் வருபவரைக் கண்ணாடியில் வைத்திருக்க வேண்டும், சந்தியில் கடைசி ஆள் வரும்வரை யாரும் நகரக் கூடாது. தப்பும் வழி: வந்த வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும், இரண்டாவது வழி புறப்படுமுன் வரைபடத்தில் குறித்திருக்க வேண்டும். தஞ்சம்: தொலைந்தால் சேருமிடம் நகரமாகவோ ரயில் நிலையமாகவோ இருக்க வேண்டும், பார்வைத்தலம் கூடாது.

தஞ்சம் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. மொன்டானாவின் மான் கல்ச் சரிவில் 1949 ஓகஸ்ட் 5ஆம் திகதி தீ துரத்தியபோது 13 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்களின் தலைவர் வாக்னர் டொட்ஜ் முன்னாலிருந்த புல்லை எரித்து, அந்தச் சாம்பலில் படுத்துப் பிழைத்தார். நாம் நெருப்பு வைக்கக் கூடாது. ஆனால் ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலமும், புல்லில்லாத பாறையும், அகன்ற தார்வெளியும், நம்மை நோக்கி ஏறி வரும் தீயை முந்த ஓடுவதைவிட மேலானவை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

புறனடை

பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. மூன்றையும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க. புகையைக் கண்டால் முதலில் பாதுகாப்பான தூரத்துக்குத் திரும்பு, பிறகு அழைப்பு எடு, படம் வேண்டாம்.

திரும்புவதற்கு வாக்கெடுப்பு இல்லை. பத்துப் பேரில் ஒருவர், அவர் முதல் முறை வரும் கடைக்குட்டித் தம்பியாக இருந்தாலும், “திரும்புவோம்” என்றால் பத்து வண்டியும் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்பது தங்குமிடம் சேர்ந்த பிறகு. இந்த ஒன்றுக்குப் பெற்றோல் செட்டில் எல்லோரும் வாய்திறந்து சம்மதம் சொன்ன பிறகே தலைவர் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். சம்மதம் வராவிட்டால் அந்தக் குழு அவிசாவளை வரைகூடப் போகத் தகுதி பெறவில்லை.