பொட்டியா பொறந்துடு, பேராண்டி

வா பேராண்டி, குந்து. மெட்ரோவுலயா வந்தே? ஏ.சி. காத்து வாங்கிக்கினு நோவாம வந்து எறங்கிட்டே. நல்லது. அந்த மெட்ரோ நம்ம திருவொத்தியூரு பக்கம் ஓட ஆரம்பிச்சது 2021 பிப்ரவரி 14. அதுக்கு முந்துன வருஷம் உங்காயா காசிமேட்டுலேருந்து மீன் கூடையோட நடந்து வந்தா. அத்த அப்பால சொல்றேன், மொதல்ல டீய குடி.

இன்னா சொன்னே? ஊரடங்கு நாளு நல்லா இருந்துச்சா? மடியில லேப்டாப்பு, பால்கனியில காத்து, டல்கோனான்னு ஒரு காபி, அத்த போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புன. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே தாத்தா, பணக்காரனும் உள்ளதான், ஏழையும் உள்ளதான்"னு வேற சொல்ற. கரெக்ட்டுதான் கண்ணு. உன் உள்ள ஆயிரத்து இருநூறு சதுர அடி. நம்ம உள்ள பத்துக்குப் பத்து, ஏழு பேரு. ஆறடி தள்ளி நில்லுங்கன்னு ஆட்டோவுல மைக் கட்டிக்கினு தெருத்தெருவா கத்துனாங்க. நானும் கவர்மெண்ட் சொன்னா கேக்குற ஆளு. ஒருத்தன்கிட்டேருந்து ஆறடி தள்ளுனேன், இன்னொருத்தன் மேல இடிச்சிச்சு. அவன்கிட்டேருந்து தள்ளுனேன், தெருவுல நின்னேன். தெருவுல நின்னா லத்தி.

நீ படிச்ச புள்ள, அதனால ஒனக்கு ஒரு புத்தி சொல்றேன். கொரோனா மாதிரி இன்னொரு தபா ஏதாச்சும் வந்து ஊர மூடுனாங்கன்னு வெச்சிக்கோ, அப்ப மனுஷனா ஒண்டி இருக்காத. பொட்டியா இருந்துக்கோ. கன்டெய்னர் பொட்டி. இந்த ஜென்மத்துல முடியலன்னா அடுத்த ஜென்மத்துலயாவது பொட்டியா பொறந்துடு.

சிரிக்காத. 2020 மார்ச் 24, ராத்திரி எட்டு மணிக்கு பிரதமர் டிவியில வந்தாரு. பன்னெண்டு மணியிலேருந்து நாடே மூடல்னாரு. நாலு மணி நேரம் டயமு. நம்ம ஸ்டேட்டு இன்னும் சுறுசுறுப்பு, அன்னிக்கு சாயந்திரம் ஆறு மணிக்கே 144 போட்டாச்சு. பஸ்ஸு நின்னுச்சு, எலக்ட்ரிக் ட்ரெயின் நின்னுச்சு, ஷேர் ஆட்டோ நின்னுச்சு. நிக்காதது இன்னா தெரியுமா? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ட்ரைலரு. ஹார்பரு அத்தியாவசியம்னுட்டாங்க. நாப்பதடி பொட்டி, உள்ள பொம்மை இருக்கா பேண்ட்டு சட்டை இருக்கான்னு யாருக்குத் தெரியும், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ரோட்டு நடுவுல போச்சு. அதும் நெத்தியில எவனும் மிஷின் வெச்சு காய்ச்சல் பாக்கல.

இப்ப உங்காயா மேட்டருக்கு வர்றேன். அவளுக்கு வூட்ல குந்தினா கை காலு வராது. பஸ்ஸு இல்ல. தனி ஆட்டோக்காரன் கேட்ட காசு கூடையில இருந்த மீன் வெலைய தாண்டிச்சு. காலைல காசிமேட்டுக்குப் போயி ரெண்டு கிலோ நெத்திலியும் கொஞ்சம் காணாங்கத்தையும் வாங்கிக்கினு நடந்தா. டோல்கேட்டு வர்றதுக்கு முன்னாடி தடுப்பு போட்டு நிக்கிறாங்க. ஒரு போலீசுக்காரப் புள்ள, பேரன் வயசுதான், "ஏம்மா, வயசானவங்க வெளிய வரக்கூடாதுன்னு தெரியாதா, திரும்பிப் போ"ன்னான். அவன் சொன்னதுல தப்பு இல்ல. ஆனா வூடு தடுப்புக்கு அந்தாண்ட இருக்கு. திரும்பிப் போனா காசிமேடு, அங்க இவளுக்கு ஏது வூடு?

நூறு தப்படி பின்னாடி வந்து ரோட்டோரம் குந்திக்கினா. ஐஸு கரைஞ்சு தண்ணி கூடையிலேருந்து சொட்டுது. அங்க ட்ரைலருங்க வரிசையா நிக்குது. டிரைவரு ஒருத்தன், எந்த ஊரோ, தமிழ் அரைகுறை. இவளப் பாத்தான், கூடையப் பாத்தான், ஒண்ணும் பேசாம கதவத் தொறந்தான். உங்காயாவுக்கு அவ்ளோ உசரம் ஏறத் தெரியாது. மொதல்ல கூடை ஏறுச்சு, அப்பால இவ. சீட்டுக்கு கீழ கால மடக்கி, கூடையக் கட்டிப்புடிச்சிக்கினு குந்திக்கினா. அதே தடுப்பு, அதே போலீசுக்காரப் புள்ள. டிரைவரு பேப்பர நீட்டுனான். பின்னாடி இருந்த பொட்டிக்கு மருவாதி குடுத்து தடுப்ப நவுத்துனாங்க.

நடந்து போன மனுஷி தப்பு. பொட்டிக்கு முன்னாடி குந்தின கூடை ரைட்டு. அன்னியிலேருந்து உங்காயா எங்க போனாலும், "நான் மனுஷியா வரல, சரக்கா வர்றேன்"னு சொல்லிட்டுதான் வண்டி ஏறுவா.

பொட்டிய சுமந்த கப்பல்ல இருந்தவன் கதையும் கேளு. சரக்கு எறங்குச்சு, சரக்கோட வந்த மாலுமிய எறங்க வுடல. அந்த வருஷக் கடைசியில ஒலகம் பூரா நாலு லட்சம் மாலுமிங்க முறை முடிஞ்சும் வூட்டுக்குப் போவ முடியாம கப்பல்லயே கெடந்தாங்க. ராத்திரில கரையிலேருந்து பாத்தா கடல்ல வரிசையா லைட்டு தெரியும். ஷோக்கா இருக்கும், நீ கூட ஒரு தபா போட்டோ எடுத்தே.

ஒரு விஷயத்துல நம்ம ஏரியாவுக்கு பெருமைதான். தென்னாட்டுல மொதல் பாசஞ்சர் ரயிலு எங்கேருந்து கெளம்புச்சு? நம்ம ராயபுரம். 1856-ல வாலாஜா ரோடு வரைக்கும் போச்சு. கொரோனாவுலயும் நம்ம ராயபுரம்தான் ஃபர்ஸ்ட்டு. கார்ப்பரேஷன்ல அப்போ மண்டலம் பதினைஞ்சு. சாயந்திரம் லிஸ்ட்டு வந்தா ராயபுரம் மேல இருக்கும், நம்ம தண்டையாருப்பேட்டையும் கிட்டயே நிக்கும். அந்த ஏப்ரல்லதான் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடியாரு, இது பணக்காரங்க நோயி, வெளிநாடு போனவங்க கொண்டாந்ததுன்னு சொன்னாரு. தமிழ்நாட்டுக்கு வந்த மொதல் கேசு ஓமன்லேருந்து வந்ததுதான், அது வரைக்கும் அவரு சொன்னது வாஸ்தவம். அப்பால லிஸ்ட்டப் பாத்தேன். ராயபுரம், தண்டையாருப்பேட்டை. அட, நாமதான் பணக்காரங்கன்னு அன்னிக்குதாம்பா எனக்கு வெளங்குச்சு! இத்தினி வருஷமா யாரும் சொல்லல. பணக்காரன்னு தெரிஞ்சிருந்தா ரேஷன் கடையில அந்த ஆயிரம் ரூபாய்க்கு டோக்கன் வாங்கிக்கினு வெயில்ல நின்னிருப்பேனா?

நோயி மீனம்பாக்கத்துல டிக்கெட்டோட வந்து எறங்குச்சு. அங்கேருந்து நம்ம சந்துக்கு எப்படி வழி கண்டுபுடிச்சுதுன்னு கேளு. இ-பாஸ் இல்லாம வந்திருக்கு, பாத்துக்கோ.

எங்கப்பன் ஒரு கதை சொல்லுவாரு. 1942-ல ஜப்பான்காரன் குண்டு போட வர்றான்னு மெட்ராஸே காலி ஆச்சு. இங்க அவசியமில்லாதவங்கல்லாம் ஊர வுட்டுப் போங்கன்னு வெள்ளக்கார கவர்மெண்ட்டே சொல்லிச்சு. காரு வெச்சிருந்தவன் காருல, காசு வெச்சிருந்தவன் ரயில்ல, கவர்மெண்ட் ஆபீசுங்க கூட உள்நாட்டு ஊருங்களுக்கு போச்சு. எங்க தாத்தன் கட்டுமரத்துல குந்திக்கினு பாத்துக்கினே இருந்தாராம். அப்போ "போங்க"ன்னாங்க, போறதுக்கு நம்மகிட்ட காசு இல்ல. இப்போ "இருங்க"ன்னாங்க, இருக்கறதுக்கு நம்மகிட்ட காசு இல்ல. கவர்மெண்ட்டு எப்பவும் நம்மளால முடியாததுதான் பாத்து சொல்லுது.

அந்த வடநாட்டுப் பசங்க கதி இன்னும் மோசம். ஒடிசா, பீகாருன்னு மணலி, அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் வேலை பாத்தவனுங்க. கான்ட்ராக்டரு போன ஆஃப் பண்ணிட்டான். மே மாசம், அக்னி வெயிலு. தலையில பெயிண்ட்டு பக்கெட்டு, அதுக்குள்ள துணி, ஆந்திரா பார்டரப் பாத்து நடந்தானுங்க. எளாவூரு செக்போஸ்ட்டுல நிறுத்திடுவாங்கன்னு தெரிஞ்சும் நடந்தானுங்க. ஒருத்தன்கிட்ட, "ஏம்பா, எவ்ளோ தூரம்?"னு கேட்டேன். கைய நீட்டி வடக்கக் காட்டுனான், அவ்ளோதான். உங்காயா குடுத்த கஞ்சிய நின்னுக்கினே குடிச்சான். குந்தினா எழுந்திருக்க முடியாதுன்னு பயம் போல. அந்த மே 8-ந் தேதிதான் மகாராஷ்டிரா, ஔரங்காபாத் கிட்ட, ரயிலு ஓடலன்னு நம்பி தண்டவாளத்துல படுத்த பதினாறு பேரு மேல கூட்ஸ் ட்ரெயின் ஏறுச்சு. மனுஷன் போற ரயிலுதான் ஓடல. சரக்கு போற ரயிலு ஓடிச்சு.

சரி, மூஞ்சிய தூக்காத. உனக்கு ஒரு கணக்கு போடறேன், நீ கம்ப்யூட்டர்காரனாச்சே. உள்நாட்டு ஏரோப்ளேன் திரும்ப எப்போ பறந்துச்சு? மே 25. சென்ட்ரல்லேருந்து கும்மிடிப்பூண்டி போற நம்ம எலக்ட்ரிக் ட்ரெயின்? அக்டோபர் 5-ல அத்தியாவசிய ஆளுங்களுக்கு ஒண்டி. நவம்பர் 23-ல பொம்பளைங்களுக்கு, அதும் கூட்டம் இல்லாத நேரத்துல. என்ன மாதிரி சொம்மா குந்தின கெழவனுங்களுக்கு டிசம்பர் 23. ஆக, நோயி எதுல வந்துச்சோ அது ஏழு மாசம் முன்னாடி ஓடிச்சு. அதனாலதான் சொல்றேன், நாலாயிரம் ரூபா டிக்கெட்டுல கிருமி தொத்தாது, பத்து ரூபா டிக்கெட்டுல ஒண்டிதான் தொத்தும். இத்த எழுதி வெச்சிக்கோ.

இ-பாஸ் கதை ஒனக்குத் தெரியாது. நீ ஃபாரம் பாத்ததே இல்ல, ஒனக்கு ஆபீசுல எடுத்துக் குடுத்துட்டாங்க. ஜூலை மாசம் ஒரு நாளு சாயந்திரம் பழவேற்காட்டுலேருந்து போனு. என் தங்கச்சி, உனக்கு சின்ன ஆயா, போயிட்டா. நெஞ்சு வலி, வேற ஒண்ணுமில்ல. காலைல அடக்கம். ரோட்டுல போனா மீஞ்சூரு, பொன்னேரி, ஒண்ணரை மணி நேரம். ஆனா அது திருவள்ளூரு மாவட்டம், நாம சென்னை மாவட்டம். மாவட்டம் தாண்டணும்னா அப்போ இ-பாஸ் வேணும். பக்கத்து வூட்டு காலேஜ் பொண்ணக் கூப்ட்டு ஃபாரம் போடச் சொன்னேன். "கல்யாணமா, சாவா, ஆஸ்பத்திரியா தாத்தா?"ன்னு கேட்டுச்சு. ஓட்டல்ல தோசையா இட்லியான்னு கேக்கற மாதிரி. "சாவும்மா"ன்னேன். ஆதாரு கேட்டுச்சு, குடுத்தோம். போட்டோ சைஸு பெருசுன்னு சொல்லிச்சு, சுருக்குனோம். அப்பால, டெத் சர்ட்டிபிகேட்டு.

"செத்து மூணு மணி நேரம்தாம்மா ஆவுது"ன்னேன்.

"அது கட்டாயம் கேக்குது தாத்தா."

இல்லாத பேப்பருக்கு பதிலா என் ரேஷன் கார்ட போட்டோ புடிச்சு ஏத்துனோம். கொஞ்ச நேரத்துல போனு டிங்குன்னுச்சு. நிராகரிப்பு. அந்தப் பொண்ணு பாவம், தலையக் குனிஞ்சிக்கினு, "தாத்தா, கல்யாணம்னு போட்டுடலாமா, எங்க அக்கா பத்திரிகை இருக்கு"ன்னுச்சு. தங்கச்சி சாவுக்கு கல்யாணப் பத்திரிகை! பசிக்குதுன்னு ஒரு கட்டம் அந்த ஃபாரத்துல இருக்கான்னும் கேட்டேன், இல்லன்னுச்சு. கூலிக்குப் போவணும்னு? கம்பெனி எழுதிக் குடுக்கணுமாம். உங்காயாவுக்கு காணாங்கத்தை கம்பெனியா எழுதிக் குடுக்கும்?

அதே ஜூலையில டிவியப் போட்டா நம்ம சூப்பர் ஸ்டாரு மாஸ்க்கு போட்டுக்கினு லம்போர்கினி காரு ஓட்டுற போட்டோ. கேளம்பாக்கம் போனாரே, பாஸு வாங்குனாரா வாங்கலியான்னு ஒரே பேச்சு. அவரு வாங்குனா வாங்கட்டும், வாங்காங்காட்டி போவட்டும், எனக்கு அவரு மேல கோவம் கெடையாது, அவரு படம் எல்லாம் மொத நாளே பாத்தவன் நான். என் பொறாமை எல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். அவரு பாஸப் பத்தி ஊரே கவலப்பட்டுச்சு. என் பாஸப் பத்தி பக்கத்து வூட்டுப் பொண்ணு ஒண்டிதான் கவலப்பட்டுச்சு.

தங்கச்சிக்கும் அவசரம்தான். ஆகஸ்ட் 17-லேருந்து கேட்டவனுக்கெல்லாம் பாஸுன்னாங்க. செப்டம்பர் 1-ல மாவட்டத்துக்கு மாவட்டம் பாஸே வேணாம்னுட்டாங்க. ஒரு ஆறு வாரம் பொறுத்திருந்தா ஜம்முனு போயிருப்பேன். சின்ன வயசுலேருந்தே அவளுக்குப் பொறுமை கெடையாது.

அப்பால இன்னா பண்ணீங்கன்னு கேக்குறியா? இங்கதான் நீ புத்திய கவனிக்கணும். மாவட்டத்துக்கு எல்லை உண்டு, ரோட்டுக்குத் தடுப்பு உண்டு. தடுப்பு போட்டவன் யாரும் கடலப் பாத்து நிக்கல. நம்ம பட்டினத்தாரு எங்கேருந்தோ கடலோரமா சுத்திக்கினு வந்து இங்கதான சமாதி ஆனாரு, அவர எந்த செக்போஸ்ட்டுல நிறுத்துனாங்க?

ராத்திரி பத்து மணிக்கு மச்சான் மவன் ஃபைபர் போட்ட எறக்குனான். ஜூலையில தண்ணி வடக்காலதான் இழுக்கும், இன்ஜினுக்கு பாதி வேலை மிச்சம். எண்ணூரு முகத்துவாரம் தாண்டுனோம். அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுல செகப்பு லைட்டு கண்ண சிமிட்டுது. காமராஜர் துறைமுகத்துல நிலக்கரி கப்பலு, காட்டுப்பள்ளியில பொட்டி கப்பலு, அந்த நேரத்துலயும் கிரேனு ஆடிக்கினு பொட்டிய எறக்குது. வெளிய நங்கூரம் போட்டு நின்ன கப்பலு ஒண்ணு, அது பக்கமா போனோம். மேல கம்பிய புடிச்சிக்கினு ஒருத்தன் நின்னான். மூஞ்சி தெரியல. சிகரெட்டு நெருப்பு ஒண்டி தெரிஞ்சிது. நான் கைய ஆட்டுனேன். அவனும் ஆட்டுனான். அவன் எத்தினி மாசமா எறங்காம நின்னானோ.

விடியக் காலைல பழவேற்காடு. அடக்கத்துக்கு மொதல் பிடி மண்ணு நான்தான் போட்டேன்.

யாராச்சும் கேட்டா மீன் புடிக்கத்தான் போனேன்னு சொல்லு. மீன்பிடி அத்தியாவசியம், அதுக்கு அப்போ ரூலு இருந்துச்சு. எத்தினி கிலோ புடிச்சீங்கன்னு நோண்டாத. வலைய கரையிலேயே வுட்டுட்டுப் போனோம்.