442-ஆ, 560-ஆ?

நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கரத். கீழே வோல்கா ஆறு, பின்னால் படிக்கட்டு, நடுவில் நாக்குத் தள்ளிப்போய் நான். "442 படி ஏறியாச்சு" என்று எழுதியிருந்தேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. சித்தப்பா பையன் பதில் போட்டான்: "தப்புண்ணா. 560." கூடவே ஒரு கட்டைவிரல். அது என் படத்துக்கா, அவன் பதிலுக்கு அவனே போட்டுக்கொண்டதா, தெரியவில்லை.

அவன் இருந்த இடம் சோபா. ஏறின முட்டி என்னுடையது.

அந்த ஊருக்கு நான் போனதே கார்க்கிக்காகத்தான். ரகுநாதன் மொழிபெயர்த்த 'தாய்' நாவலைக் கல்லூரி நாளில் படித்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசாமல் திரிந்தவன் நான். அந்தக் கதைக்கு வித்தான 1902 மே தின ஊர்வலம் நடந்த சோர்மவோ, இந்த நகரத்தின் ஒரு பகுதி. 1932 முதல் 1990 வரை ஊருக்கே கார்க்கி என்றுதான் பெயர். சிறு வயதில் அவர் இருந்த காஷிரின் தாத்தா வீட்டை, சாயப்பட்டறையோடு இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்தப் படிக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன், ஒரு நிமிஷம்.

மேலே, கோட்டைச் சுவரை ஒட்டி, விமானி ச்கலோவின் சிலை. 1937-ல் மாஸ்கோவிலிருந்து வடதுருவம் வழியாக நிற்காமல் அமெரிக்காவுக்குப் பறந்தவர். கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, இதோ கிளம்பிவிட்டேன் என்பதுபோல் நிற்கிறார். பறந்தவர் பெயரைக் கொண்டுபோய்ப் படிக்கட்டுக்கு வைத்திருக்கிறார்களே என்று பாதி வழியில் எனக்குக் கோபமே வந்தது.

1949-ல் கட்டி முடித்த படிக்கட்டு அது. எட்டு போட்ட மாதிரி இருக்கும். இரண்டு கையாகப் பிரிந்து, வளைந்து, நடுவில் கூடி, மறுபடி பிரிந்து கூடும். ஒரு பக்கமாகவே போனால் 442. இரண்டு பக்கத்துப் படிகளையும் கூட்டினால் 560. ஒரு மனுஷன் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஏற முடியாது என்று குழுவில் எழுதினேன். "அப்ப மொத்தம் 560 தானேண்ணா" என்றான். இரட்டைத் தண்டவாளம் போட்டதால் சென்னைக்கும் மதுரைக்கும் தூரம் இரண்டு பங்காகிவிடுமா என்று கேட்டேன். மறுபடி கட்டைவிரல். இட்லித் தட்டு இரண்டு பக்கமும் குழி உள்ளதாக இருந்தால் இட்லியை எப்படி எண்ணுவாய் என்று தட்டச்சு செய்து, எனக்கே புரியாததால் அழித்தேன். மணி அப்போது பன்னிரண்டரை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் முழுசாக எண்ணவில்லை. எண்ணத்தான் ஆரம்பித்தேன். 137-ல் வீட்டம்மா, "என்னங்க, தண்ணி பாட்டில் எங்க?" என்றாள். பாட்டில் கீழே பெஞ்சில். அவள் கேட்டது 137-லா 173-லா என்று யோசிப்பதற்குள் இரண்டும் போய்விட்டது. காய்கறிப் பையோடு ஒரு பாட்டி எங்களைத் தாண்டி மேலே போனார். அவர் எதையும் எண்ணின மாதிரி தெரியவில்லை. மிச்சத்தை நான் எண்ணியதாகப் பாவித்து, கையேட்டில் பார்த்து எழுதிக்கொண்டேன். நீங்களும் அப்படித்தானே?

மேலே போய் நின்றால் ஓகா நதி வந்து வோல்காவில் சேருகிற இடம் தெரியும். இந்தச் சங்கமத்துக்காகத்தான் 1221-ல் இங்கே ஊரையே வைத்தார்கள். பொழுது சாய்கிற நேரம். கூட வந்தவர்கள் எல்லாரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடுவில் வரும் அகலமான தளத்தைப் படிக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சங்கமம் என்னிடம் படமாகத்தான் இருக்கிறது. அதிலும் பாதியை என் தலை மறைக்கிறது.

காலையில் எழுந்து பார்த்தால் குழுவில் முப்பத்தெட்டுச் செய்திகள். வோல்கா பற்றி ஒன்றுகூட இல்லை. பழனியில் எத்தனை படி என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். நானும் ஒன்று சொல்லிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போனேன்.

காஷிரின் வீட்டுக்கும் போனோம். வாசலில் எத்தனை படி என்று மட்டும் கேட்காதீர்கள்.