திருப்பிப் பார்க்க முடியாத பாடம்

1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் ‘கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. கல்லூரிப் பாடம் டி.வி.யில், அதுவும் காசில்லாமல்! நான் அப்போது சென்னையில் பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன். பெரம்பூரில் எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது. எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு கறுப்பு வெள்ளை டயனோரா இருந்தது. கல்லூரி விடுமுறை என்றால் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

பாடம் ஆங்கிலத்தில் வேகமாகப் போகும். காதில் விழுந்ததை ரஃப் நோட்டில் கிறுக்கிக்கொள்வேன். நடுவில் கரண்ட் போனால் அன்றைய பாடம் அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா முறத்தில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, “அந்த ஆளு இவ்ளோ நேரம் என்னப்பா சொன்னாரு?” என்பார். ஒப்புக்குக் கேட்பவர் அல்ல. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்த ஏக்கம் அவருக்கு உண்டு. விளங்கும்வரை விடமாட்டார். லேசர் ஒளி ஏன் டார்ச் வெளிச்சம் போல விரிந்து பரவுவதில்லை என்று அவருக்குத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், எனக்கே எந்த இடம் பிடிபடவில்லை என்பது தெரிந்துவிடும். ராத்திரி அந்த இடத்தையே யோசித்து, விட்டுப்போன படிகளை நானாகப் போட்டு, ஃபேர் நோட்டில் எழுதுவேன். அப்படி எழுதியவை இன்றும் எனக்கு மறக்கவில்லை.

இன்றைய நிலைமை வேறு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக 2001இல் அறிவித்தது. 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. முகங்களைப் பார்க்கும்போது தனியாகக் கிளர்ந்தெழும் ஒரு பகுதி மூளையில் இருப்பதை 1997இல் சகாக்களோடு விவரித்தவர் நான்சி கான்விஷர். அவர் 2019இல் எம்ஐடியில் நடத்திய ‘மனித மூளை’ வகுப்பை யூடியூபில் யாரும் பார்க்கலாம். என் மாணவப் பருவத்தில் இப்படி ஒருவரிடம் பாடம் கேட்க அமெரிக்காவுக்கு விமானம் ஏறியிருக்க வேண்டும். இதை நான் பெரிய வரமாகவே நினைக்கிறேன். அந்தக் காலம் போல வருமா என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கோவையில் எஞ்சினியரிங் படிக்கும் என் தங்கை மகன் போன பொங்கலுக்கு வந்திருந்தபோது வி.எஸ். ராமச்சந்திரனின் உரை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் என்பதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை இழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டால், இல்லாத கையின் விரலைத் தொடுவதுபோல அவருக்குத் தெரிவதாக ராமச்சந்திரன் சொன்னார். உரை முடிந்ததும், “ஏன் அப்படி ஆகுது?” என்று கேட்டேன்.

“செமையா சொன்னாரு மாமா,” என்றான். காரணம் மட்டும் வாயில் வரவில்லை. கை உடனே ஃபோனுக்குப் போனது, பின்னால் ஓட்டிப் பார்க்க. “அதை வச்சிடு, இதுல வரை” என்று ஒரு தாளை நீட்டினேன். மூளையின் மேற்பரப்பில் உடம்பின் ஒவ்வொரு உறுப்பின் தொடு உணர்வுக்கும் ஓர் இடம் உண்டு என்பது ஞாபகம் வந்தது. கைக்கான இடத்தைக் குறித்தான். அதற்குப் பக்கத்தில் என்ன என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தான். “முகம் மாமா!” என்றான். கையிலிருந்து தகவல் வருவது நின்றதும், பக்கத்திலுள்ள முகத்தின் தகவல் அந்த இடத்துக்குள் பரவிவிடுகிறது என்ற ராமச்சந்திரனின் விளக்கம் பிறகு அவன் வாயாலேயே வந்தது.

இப்படிப் பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பதன் பலனை 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு சுற்றும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியிருந்தவர்களோ முதல் பிரிவினர். எதிர்வீட்டு அக்கா இந்த ஆய்வுக்கு இருபது வருடம் முன்பே எனக்கு அந்தப் பரீட்சையை வைத்துக்கொண்டிருந்தார். திருப்பிப் பார்க்கும் வசதி இல்லாததால் நானும் தப்பிக்கவில்லை.

சென்னை ஐஐடி பேராசிரியர் வி. ஸ்ரீநிவாச சக்கரவர்த்தியின் ‘டீமிஸ்டிஃபையிங் த பிரெய்ன்’ பாடம் என்பிடெல்லில் இலவசமாக இருக்கிறது. முதல் பாடத்தை உங்கள் வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். அடுத்தது தானாக ஓடத் தொடங்குவதற்குள் நிறுத்திவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். அதற்கு நீங்கள் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. விளங்கும்வரை விடாமல் கேளுங்கள்.