அப்பா வாங்காத கடன்

மவுண்ட் ராஸ்கில்லில் வாடகை வீடு கேட்டுப் போனபோது பார்த்த கடன் அறிக்கையில்தான் தெரிந்தது, என் அப்பா ஆக்லாந்தில் கரண்டு பில் பாக்கி வைத்திருக்கிறார் என்று. அவர் நியூசிலாந்தை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. திருநெல்வேலியில் பெட்டிக்கடைப் பாக்கியைக்கூட அன்றைக்கே தீர்த்துவிட்டுத் தூங்குகிறவர்.

தப்பு என்னுடையதுதான். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் இந்த ஊர் விண்ணப்பம் நகராது. இனிஷியலை இழுத்து நீட்டி அங்கே உட்காரவைத்தேன். அதே பெயர்க்காரர் ஒருவர், நான் எட்டிக்கூடப் பார்க்காத முகவரியில் விட்டுப்போன பாக்கி எங்கள் வம்சத்தில் ஏறிவிட்டது.

125 டாலர் பாக்கிகூட 30 நாள் தாண்டி, கேட்டும் வராவிட்டால் கடன் அறிக்கையில் ஏற்றலாம். 5 ஆண்டு அசையாது. ஏழரைச் சனிக்கு இரண்டரை ஆண்டு தள்ளுபடி.

நல்லவேளை, 2020ஆம் ஆண்டின் கடன் அறிக்கைத் தனியுரிமை விதித்தொகுப்பு இருக்கிறது. அறிக்கையும் இலவசம், திருத்தமும் இலவசம். கடன் அறிக்கை நிறுவனத்தார் வழக்கமாக 20 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் தனியுரிமை ஆணையரிடம் போகலாம். ஆனால், நான் நானேதான் என்று நிரூபிக்க பாஸ்போர்ட், பழைய பில், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அனுப்பினேன். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை.

பாக்கி நீங்கியது. மன்னிப்புக் கடிதம் ‘அன்புள்ள திரு’ என்று அப்பா பெயருக்கே வந்தது. போனில் படித்துக் காட்டினேன்.

“ஏலே, அந்தப் பையன் யாருன்னு தெரிஞ்சுதா? கரண்டு பில்லு கட்ட வழியில்லாம இருந்தானோ என்னவோ” என்றார்.