நான்கவுரியில் கொலையாளி யார்?

கேள்வி (சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் வாசகர்): வெளிநாட்டில் குடியேறிய டேனிஷ் விவசாயிகள், பாழடைந்த வீடு, அடுத்தடுத்து மரணம் என்று ஒரு மர்மக் கதை படித்தேன். ராத்திரி லோடு இறக்கும்போதும் அதே நினைப்பு. நம்ம பக்கம் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

பதில்: கதையைவிடப் பயங்கரமாகவே நடந்திருக்கிறது. தரங்கம்பாடி 1845 வரை டென்மார்க்கின் கையில் இருந்தது, தெரியுமல்லவா? 1760இல் அங்கே மொராவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 14 பேர் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் ஜெர்மானியர்கள், ஆதரவு டென்மார்க் மன்னருடையது. ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, 'சகோதரர் தோட்டம்' என்று குடியிருப்பு அமைத்து, தங்கள் கையுழைப்பில் சாப்பிட்டார்கள். ஆனால் டென்மார்க் அவர்களை வரவழைத்தது நிக்கோபார் தீவுகளுக்காக. 1768இல் அங்குள்ள நான்கவுரித் தீவில் வீடு கட்டினார்கள். அங்கிருந்து தொடங்கியது காய்ச்சல். 1787இல் எல்லாவற்றையும் விட்டு வரும்வரை தீவிலேயே 11 பேரைப் புதைத்தார்கள். தரங்கம்பாடிக்குத் திரும்பிய சிறிது காலத்தில் இன்னும் 13 பேர் போனார்கள். முன்னே போனவர் இறந்தது தெரிந்தும் அடுத்தவர் கப்பல் ஏறினாரே, அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கேள்வி (ராயபுரம்): தீவின் சாபமா, ஆவியா?

பதில்: அனாபிலிஸ் கொசு. அது பரப்பும் மலேரியாதான் அந்தக் காய்ச்சல். சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றுதான் காய்ச்சல் தருகிறது என்று அன்றைய மருத்துவம் நம்பியது. கொலையாளி காதருகே பாடிக்கொண்டே வந்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை! 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவை அறுத்துப் பார்த்து, அதன் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்தக் கொசுக்களுக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்தவர் உசேன் கான் என்ற நோயாளி. ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி. நோபல் பரிசு ராஸுக்குப் போனது. உசேன் கான் பெயரையும் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

கேள்வி (எண்ணூர்): தீவுக்காரர்கள் மட்டும் எப்படிப் பிழைத்தார்கள்?

பதில்: எல்லோரும் பிழைக்கவில்லை. மலேரியா குடியிருக்கும் ஊரில் அது முதலில் குழந்தைகளைத்தான் தின்னும். தப்பி வளர்ந்தவர்களின் உடம்பு திரும்பத் திரும்பக் கடிபட்டு ஓரளவு தாங்கப் பழகும். புதிதாக வந்தவருக்கு அந்தத் தாங்கும் சக்தி ஏது?

கேள்வி (திருவொற்றியூர்): இத்தனை சாவுக்குப் பிறகும் டென்மார்க்குக்குப் புத்தி வரவில்லையா?

பதில்: அதற்கு முன்பே, 1750களில், ஒரு குடியேற்றம் காய்ச்சலில் அழிந்திருந்தது. அப்படியும் உரிமையை விடவில்லை. நான்கவுரி அருமையான இயற்கைத் துறைமுகம். கப்பலை எண்ணியவர்கள் கல்லறையை எண்ணவில்லை. அதை நான் மன்னிக்க மாட்டேன். கடைசியில் 1868இல் தீவுகளைப் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டார்கள்.

கேள்வி (மறுபடியும் சாத்தாங்காடு வாசகர்): அந்தக் கொலையாளி இப்போது எங்கே?

பதில்: அதே குடும்பத்தின் அனாபிலிஸ் ஸ்டீபன்சை உங்கள் மாடியில் இருக்கலாம். சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அதுதான். சதுப்பு தேடிப் போகாது. கிணறு, மாடித் தொட்டி என்று நல்ல தண்ணீரிலேயே முட்டையிடும். சின்டெக்ஸ் மூடி உடைந்தால் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கிவிடுகிறோம், இடுக்கு அப்படியே இருக்கிறது. இரும்பு மார்க்கெட்டிலேயே இருக்கிறீர்கள், தொட்டி வாய்க்கு அளவெடுத்து ஒரு தகடு வெட்டி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.