யோனாவும் நாலு கட்டமும்

போத்தனூரில் என் தங்கை மகனுக்கு வீட்டிலேயே படிப்பு. அமெரிக்காவிலிருந்து இறக்கிய கிறிஸ்தவப் பாடத்திட்டம். தாளை நாலாக மடித்து, தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு என்று கதையைப் படமாக வரைய வேண்டும். பையனுக்கு ஏழு வயது, கதை வேதாகமத்து யோனா.



பையன் கடல் பார்த்ததில்லை. கப்பல் உக்கடம் குளத்தில் மிதந்தது. விழுங்கிய மீன் அச்சு அசல் மார்க்கெட் ஜிலேபி. வயிற்றுக்குள் யோனா செல்போன் டார்ச்சோடு. மூன்றாம் கட்டத்தில் நினிவே, பாதியில் நிற்கும் மேம்பாலத்தோடு. நாலாவதில் யோனாவுக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி. அதை மட்டும் நரம்பு நரம்பாக வரைந்திருந்தான், அப்புச்சி தோட்டத்து வரப்பில் பார்த்தது. பக்கத்தில் இரண்டு காங்கேயம் காளை.

"முடிவு எங்க கண்ணு? கடைசியில யோனா என்ன ஆனாரு?"

"அதுதான் போடலீங்களே அம்மா."

தங்கை வேதாகமத்தைப் புரட்டினாள். நாலாம் அதிகாரம், பதினோராம் வசனம். நினிவேயில் லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமான ஜனம், கூடவே ஆடுமாடு, இதற்கெல்லாம் நான் இரங்க வேண்டாமா என்று கடவுள் கேட்கிறார். அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது. யோனா வாயே திறக்கவில்லை.

பாடத்திட்டப்படி முடிவுக்குத் தனி மதிப்பெண். பையனுக்கு அஞ்சுக்கு மூணு போட்டாள். யோனா புத்தகத்தை எழுதினவருக்கு எவ்வளவு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.