மஞ்சப்பை மருத்துவம்

சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசு விதி. விதி எழுதியவர்கள் மலைக்கு ஒரு பஸ்ஸையும் சேர்த்து எழுதியிருக்கலாம். 2005-இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கம், ஆங்கில மருத்துவமும் சித்தாவும் ஒரே கூரைக்கடியில் என்றது. கூரை ஒன்றுதான், சீட்டு வேறு, வரிசை வேறு. மனசு சரியில்லை என்றால், "அதெல்லாம் டவுன்ல பாத்துக்கம்மா." எல்லாம் ஒன்றுசேரும் ஒரே இடம் அப்பத்தாவின் மஞ்சப்பை: சர்க்கரை மாத்திரை அட்டை, சூரணப் பொட்டலம், ஓரம் கிழிந்த சீட்டு, போதாக்குறைக்கு மந்திரித்த கயிறு. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல காரியம். என்ன, மாத்திரை கொண்டுவருபவர்கள் வரும் நேரம் பார்த்து அப்பத்தா களையெடுக்கப் போய்விடுகிறாள்.